முதலிடத்தில் இருந்த பக்கம்

அந்தப் பக்கத்தில் ஒரு பொய்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த நாளுக்குப் பிறகு பல வாரங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த வசனம் அதுதான். பொய் எழுதியிருந்தால் அழித்துவிட்டுத் திருந்தியிருக்கலாம். உண்மையை எழுதிவிட்டு எப்படித் திருந்துவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என் கணவர் படகோட்டி. திருகோணமலை நகரத்திலிருந்து வடக்கே போகும் தெருவில், கொஞ்சம் தள்ளி ஒரு கரையில் எங்கள் படகு நிற்கிறது. சீசன் மாதங்களில் விடியற்காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு டொல்பினும் திமிங்கிலமும் காட்டப் போவார். காற்று எழும்புமுன் திரும்பிவிடுவார். நான் முன்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கொம்யூனிகேஷன் கடையில் தட்டச்சு வேலை செய்தவள். விண்ணப்பம், சாதகம், மரண அறிவித்தல் என்று எல்லாம் அடித்துக் கொடுத்த கை. கடையை மூடிவிட்டார்கள், கை சும்மா இருக்கவில்லை. படகுக்கு ஓர் இணையத்தளம் செய்வோம் என்று தொடங்கியது நான்தான். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே அப்படித்தான்.

தளம் வந்தது, ஆள் வரவில்லை. தேடிப் பார்த்தால் நாங்கள் மூன்றாம் பக்கத்திலும் இல்லை. அப்போது நான் செய்தது பலரும் செய்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மச்சாளும் குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்து, படகில் வந்து போனவர்கள் எழுதியதுபோலப் பதினொரு அபிப்பிராயங்கள் எழுதினோம். ஜேர்மனியிலிருந்து வந்த ஒருவர், கண்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம், தேனிலவுக்கு வந்த ஒரு சோடி. எல்லோரும் என் கணவரின் புன்னகையைப் புகழ்ந்திருந்தார்கள். அந்தப் புன்னகையை, கட்டிய மனைவியான நானே வருடத்தில் இரண்டு தரம்தான் பார்ப்பேன்.

ஒரு மாதத்தில் தளம் இன்னும் கீழே போனது. கொழும்பில் இணையத்தளத் துறையில் வேலை செய்கிற என் தம்பிக்கு அழைத்து அழாத குறையாகச் சொன்னேன்.

"அக்கா, உதுகள் எல்லாத்தையும் முதல்ல அழியுங்கோ," என்றான். "தேடுபொறியை மடையன் எண்டு நினைச்சீங்களே? ஒரே வீட்டில இருந்து பதினொரு பேர் எழுதினா அதுக்கு விளங்காதே?"

"அப்ப என்ன செய்யிறது?"

"நம்பிக்கை வரவேணும். ஆர் எழுதினது, அவைக்கு என்ன அனுபவம், ஆர் சரிபார்த்தது, எப்ப புதுப்பிச்சது, எல்லாம் வெளியால தெரியவேணும். அதிலயும் கடல், மருந்து மாதிரி உயிரோட சம்பந்தப்பட்ட விசயமெண்டா இன்னும் கவனமாப் பாக்கும். உங்களுக்கு உண்மையா அனுபவம் இருக்குத்தானே? அதை எழுதுங்கோவன்."

அழித்தேன். அடுத்த ஏழு மாதம் நேர்மையாக உழைத்தேன் என்று யார் முன்னாலும் சொல்வேன். எழுதியவர் யார் என்ற இடத்தில் என் படத்தைப் போட்டேன். ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது, கொஞ்சம் நல்ல முகம். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர், படகோட்டியின் மனைவி, சிறுவயதிலிருந்தே இந்தக் கடலைப் பார்ப்பவர் என்று கீழே எழுதினேன். இணையத்தில் எடுத்த நீலநிறக் கடல்களை நீக்கிவிட்டு எங்கள் கரையையே படம் எடுத்துப் போட்டேன். வழி, வரைபடம், பதிவுக்கென்றே தனியாக வாங்கிய தொலைபேசியின் இலக்கம் மூன்று இடங்களில். ஒரு விடுதிக்காரர் தன் தளத்திலிருந்து எங்களுக்கு இணைப்புக் கொடுத்தார். பிறகு சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள் சிலர் நடத்தும் ஒரு தளமும் கொடுத்தது. ஒவ்வொரு இணைப்பும் வரும்போது யாரோ தெருவில் நின்று என்னைக் காட்டி, "இவ சொன்னாச் சரியாயிருக்கும்" என்று சொல்வதுபோல் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

பிரச்சினை என் கணவரின் வாயில்தான். எங்கள் கரையில் படகு வைத்திருக்கிற எவரும் முதல்நாள் பதில் சொல்லமாட்டார்கள். நாளைக்குப் போகலாமா என்று கேட்டால், "விடிய வந்து பாப்பம்." பிள்ளைகளைக் கூட்டிவரலாமா? "வந்து பாப்பம்." விடியற்காலை கரைக்குப் போய்த் தண்ணீரையும் வானத்தையும் பார்த்து, பக்கத்துப் படகுக்காரரின் முகத்தையும் பார்த்த பிறகுதான் ஓம் என்றோ ஏலாது என்றோ சொல்வார்கள். இணையத்தில் இதை எப்படிப் போடுவது? கேள்வி கேட்கிறவர் மலைநாட்டு ஹற்றனில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். அவருக்கு 'வந்து பாப்பம்' என்று எழுதி வைத்தால் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். ஆகவே கணவரின் 'பாப்பம்'களை எல்லாம் நான் 'ஓம்'களாக மாற்றினேன்.

'ஆனி, ஆடி மாதங்களில் பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா?' இதுதான் நிறையப் பேர் தேடிய கேள்வி. நான் எழுதிய பதில்: 'இறக்கலாம். இந்த மாதங்களில் எங்கள் கரைகளில் அலை அநேகமாக இருக்காது. முழங்கால் அளவுத் தண்ணீர் நெடுந்தூரம் இருக்கும். பிள்ளைகள் ஆசைதீர விளையாடலாம்.' கணவர் முற்றத்தில் எஞ்சினைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினேன். "ஓம், சரிதான்" என்றார். 'சரிபார்த்தவர்: இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள படகோட்டி' என்று அடியில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி சொன்னான், பக்கம் முழுமையாக இருக்க வேண்டும், வருபவர் வேறு இடத்துக்குப் போகத் தேவையில்லாமல் இருக்க வேண்டும் என்று. வெளிநாட்டுக் கடற்கரைத் தளங்கள் சிலவற்றைப் பார்த்து, என்னென்ன கொண்டுவரலாம் என்று ஒரு பட்டியல் சேர்த்தேன். தொப்பி. மாற்று உடுப்பு. பிள்ளைகளுக்குக் காற்றடித்த மிதவை. குடிதண்ணீர். அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. தொப்பியையும் மாற்று உடுப்பையும் சரிபார்க்கப் படகோட்டி எதற்கு?

வைகாசி முடிவதற்குள் அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம் முதலிடத்துக்கு வந்தது. தம்பி படம் பிடித்து அனுப்பினான். அன்று ரவைக் கேசரி கிண்டி நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். என்ன விசேசம் என்று கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் மகளின் பிறந்தநாள் என்று சொன்னேன்.

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, தேத்தண்ணீருக்குப் பால் அடுப்பில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். உண்மையான அபிப்பிராயங்கள் வரட்டும் என்று தளத்தில் நான் ஒரு படிவம் வைத்திருந்தேன். பெயர், மின்னஞ்சல், செய்தி, விரும்பினால் ஒரு படம். புதிதாக ஒன்று வந்திருந்தது. 'நாங்கள் மலையகத்திலிருந்து வந்திருக்கிறோம். மகள் இன்றைக்குத்தான் முதன்முதல் கடல் பார்க்கிறாள். உங்கள் பக்கத்தைப் பார்த்துத்தான் எல்லாம் செய்தோம். மிக்க நன்றி.' படத்தில் ஆறு வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை, இளஞ்சிவப்பு அன்ன மிதவைக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அனுப்பி ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

முதலில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. அதை மறைக்கமாட்டேன். இதை எந்த இடத்தில் போடலாம் என்றுகூட யோசித்தேன். பிறகுதான் படத்தின் ஓரத்தில் நின்ற தாயின் சால்வையைக் கண்டேன். அது முழுவதும் விரிந்து, நேராக, கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தது.

கச்சான் காற்று. ஆனி, ஆடியில் மத்தியானத்துக்குப் பிறகு மேற்கே தரைப்பக்கமிருந்து எழும்பிக் கடலை நோக்கி வீசும். கரையோரத்து அலையை அது படுக்க வைத்துவிடும். கரையில் நிற்பவருக்குக் கடல் குளம் மாதிரித் தெரியும். அலை இல்லை என்று நான் எழுதியது அதைப் பார்த்துத்தான். ஆனால் தண்ணீரின் மேல் பாரமில்லாமல் இருக்கிற எதையும் அந்தக் காற்று வெளியே கொண்டுபோகும். கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல், கரையில் நிற்பவர் நாலு கதை கதைத்து முடிப்பதற்குள். எங்கள் பிள்ளைகள் நீந்தப் பழகுவது வெறும் பிளாஸ்டிக் கலனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அந்தக் கலனில் ஒரு கயிறு இருக்கும், கயிற்றின் மறுநுனி கரையில் அடித்த முளையில் இருக்கும். என் மகளும் அப்படித்தான் பழகினாள், நானும் அப்படித்தான். கயிற்றைப் பற்றி எங்களுக்கு யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. செருப்புக்கு வார் இருப்பதுபோல அது இருந்தது. பட்டியலில் நான் மிதவையை எழுதினேன், கயிற்றை எழுதவில்லை.

செய்தி அனுப்பியவரின் தொலைபேசி இலக்கம் படிவத்தில் இல்லை. இலக்கம் கேட்டால் ஆட்கள் நம்பமாட்டார்கள் என்று அந்தக் கட்டத்தை நீக்கியவளும் நான்தான். 'உடனே பிள்ளையை வெளியில் எடுங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். கடற்கரையில் நின்றுகொண்டு யார் மின்னஞ்சல் பார்க்கிறார்கள்? படத்தை மறுபடி பார்த்தேன். பிள்ளைக்குப் பின்னால், இடது மூலையில், இடிந்த ஒரு சுவர். மீன் வைக்கும் பழைய ஐஸ் அறையின் சுவர். எங்கள் படகு நிற்கும் கரைக்கு அடுத்த கரை.

கணவருக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். படகு கழுவும்போது தொலைபேசியைப் பையில் சுற்றி எஞ்சின் பெட்டிக்குள் வைப்பது அவர் வழக்கம். மூன்றாம் தரமும் அடித்து ஓய்ந்தது. கரையில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கிற அக்காவின் நினைவு வந்தது.

"அக்கா, அவர் நிக்கிறாரே?"

"ஓம், படகடியில நிக்கிறார். என்ன பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஓடிப்போய்ச் சொல்லுங்கோ. ஐஸ் அறைக் கரையில ஒரு சின்னப்பிள்ளை. மிதவையில. கச்சான் இழுக்குது. கயிறில்லை எண்டு சொல்லுங்கோ."

கடை அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொலைபேசியை வைக்காமலே ஓடினார். என் கணவரின் பெயரைச் சொல்லி அவர் கத்துவதும் மணலில் செருப்பு அடிபடுவதும் எனக்குக் கேட்டது. கயிறில்லை என்ற சொல்லையும் அவர் கத்தினார்.

ஸ்கூட்டரை எடுத்தேன். ஹெல்மட்டை எப்போது மாட்டினேன் என்று தெரியாது, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, நூர்க்கவில்லை என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது. வீட்டிலிருந்து அந்தக் கரைக்குப் பன்னிரண்டு நிமிடம். காற்று முழுக்க என் முதுகில் இருந்தது. மற்ற நாட்களில் அந்தத் தெருவில் அது சுகமாக இருக்கும். அன்று அது தள்ளத் தள்ள நான் வேகத்தைக் கூட்டினேன். ஸ்கூட்டரையே இப்படித் தள்ளுகிற காற்று அந்த அன்னத்தை என்ன செய்துகொண்டிருக்கும்? எட்டாவது நிமிடத்தில் ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. நான் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் வாகனத்தை அப்படியே நிறுத்திவிட்டார்.

வழியெல்லாம் நான் நினைத்தது பிள்ளையைப் பற்றி மட்டும் என்று எழுத ஆசைதான். இல்லை. என் படம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் நினைத்தேன். அவருடைய இருபத்திரண்டு வருடமும் அதில் இருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் கொண்டுபோன பிள்ளைகளைப் பற்றிக் கதை வந்தால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தக் கதைகளில் இனி நானும் வருவேன் என்று நினைத்தேன். அதற்காக வெட்கப்பட்டேன், ஆனாலும் நினைத்துக்கொண்டே போனேன்.

கரையில் அந்தத் தாய் மட்டும்தான். அவருடைய கணவர் சாப்பாட்டுப் பார்சல் வாங்கப் போயிருந்தாராம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் தூக்கி, "வா, வா, வந்துடு" என்று கத்திக்கொண்டிருந்தார். கடல் அழகாகக் கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லை. தூரத்தில், நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு தூரத்தில், இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி.

அவர் இன்னும் ஓரடி வைத்தார். நான் உடுப்போடு இறங்கிப் பின்னாலிருந்து அவரை இறுக்கிப் பிடித்தேன்.

"விடுங்க! என் புள்ள போகுதுங்க! விடுங்க!"

"உங்களுக்கு நீந்தத் தெரியுமே?"

"விடுங்கன்னு சொல்றேன்ல!"

அவர் என் கையைக் கடித்தார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் விடவில்லை. தைரியத்தால் அல்ல, பயத்தால்தான். விட்டால் ஒரு பிள்ளையும் ஒரு தாயுமாக இரண்டு பேர் போவார்கள் என்று என் மனம் கணக்குப் பார்த்துவிட்டது. அப்போதுதான் வலப்பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டது. எங்கள் படகு. அடுத்த கரையிலிருந்து வளைந்து, மூக்கை உயர்த்திக்கொண்டு போனது. கழுவுவதற்காக மணலில் ஏற்றியிருந்ததைத் தள்ளி இறக்க இவ்வளவு நேரம் பிடித்திருந்தது.

புள்ளியை நெருங்குமுன் என் கணவர் எஞ்சினை நிறுத்தினார். படகு எழுப்பும் அலை மிதவையைக் கவிழ்த்துவிடும் என்பதால் நிறுத்துகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாய்க்குத் தெரியாது. "ஏன் நிப்பாட்டுறாரு? ஏன் நிப்பாட்டுறாரு?" என்று என் பிடிக்குள் துடித்தார். படகு காற்றோடு சறுக்கிப் போய்ப் புள்ளியை மறைத்தது. ஒன்றும் தெரியவில்லை. ஆள் எழும்புவது தெரிந்தது, குனிவது தெரிந்தது. பிறகு படகின் மறுபக்கத்தால் அன்னம் வெளியே வந்தது. தனியாக. உள்ளே ஒன்றும் இல்லாமல், நிமிர்ந்த கழுத்தோடு, முன்பைவிட வேகமாக அது கடலுக்குள் போனது.

அந்தத் தாய் கத்துவதை நிறுத்திவிட்டார். பிள்ளை படகில் இருக்கிறாளா, தண்ணீரில் இருக்கிறாளா என்று அந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. என் கணவர் குனிந்தபடியே இருந்தார். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டால் ஒரு நிமிடம்கூட இல்லை என்கிறார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. பிறகு படகு திரும்பியது. மூக்கு எங்களைப் பார்த்து வந்தபோது, பெரியவர்கள் போடும் செம்மஞ்சள் பாதுகாப்புச் சட்டைக்குள் ஒரு சின்னத் தலை தெரிந்தது.

பிள்ளை அழவில்லை. கரையில் இறக்கியதும் முதலில் கேட்டது, "என் வாத்து எங்க?" என்றுதான். அதுவரை அழாமல் இருந்த தாய் அப்போது மணலில் உட்கார்ந்து அழுதார். என் கணவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் கடித்த இடத்தைத் தடவினார். மன்னிப்புக் கேட்டார். பிறகு, கேட்காமலே, விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

"நாங்க விசாரிக்காம வரலைங்க. ஒரு மாசமா வெப்சைட் எல்லாம் பாத்தோம். ஒண்ணு ரொம்ப நல்லா இருந்துச்சு. இங்கேயே பொறந்த ஒரு அம்மா எழுதினது. அனுபவப்பட்ட படகோட்டி ஒருத்தர் சரிபாத்து, எல்லாம் ஒழுங்கா போட்டிருந்தாங்க. மிதவைகூட அதுல பாத்துத்தான் வாங்கினோம். அதுல தப்பு இருக்காது. நாங்கதான் எதையோ வாசிக்காம விட்டுட்டோம்."

ஈரக் கையால் தொலைபேசியைத் திறந்து, எதை விட்டுவிட்டோம் என்று அங்கேயே தேட ஆரம்பித்தார். விரல் கீழே கீழே போனது. அடியில் என் படம் இருக்கிறது. என் தலையில் இன்னும் ஹெல்மட் இருந்தது, கண்ணாடியும் இறக்கியபடி. ஸ்கூட்டர் பத்தடி தூரத்தில் நின்றது. நல்லா ஓய்வெடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவேண்டும் என்றுதான் கால் சொன்னது. அந்த இடத்தில் எனக்கு வந்த பயம், கடலைப் பார்த்து வந்த பயத்துக்குக் குறைந்தது இல்லை.

ஹெல்மட்டைக் கழற்றினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நீங்களா எழுதினீங்க?"

"ஓம். நான்தான். அதில நீங்க ஒண்டும் விடேல்ல அம்மா. நான்தான் விட்டிட்டன். மத்தியானக் காத்து மிதவையை இழுக்கும் எண்டு நான் எழுதேல்ல."

"ஏன் எழுதல?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன், உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது.

"அது எல்லாருக்கும் தெரியுந்தானே எண்டு."

"எங்களுக்குத் தெரியாதே," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரிந்து குசினி முழுவதும் புகை. என் கணவர் அடுப்பை நூர்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து மெதுவாக வாசித்தார். பட்டியலுக்கு வந்ததும் நின்றார்.

"இது நான் பாத்ததெண்டு போட்டிருக்கே," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருக்கலாம். நான் அதற்குத் தயாராக, பதிலும் யோசித்து வைத்திருந்தேன். அவர் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினார். நான் அந்தப் பக்கத்தை இறக்கினேன்.

அடுத்த நாளே தம்பி அழைத்துத் துள்ளினான். "அக்கா, முதலிடத்தில நிண்ட பக்கத்தை ஆராவது தூக்குவினமே? திரும்பி ஏற எவ்வளவு காலம் தெரியுமே?" எனக்கு வந்த கோபத்தில் அவனுக்கும் தேடுபொறிக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அவன் பாவம், அவன் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. உண்மையை எழுதச் சொன்னான், அனுபவத்தை எழுதச் சொன்னான். அனுபவம் கூடிப்போனவர்கள் கண்ணுக்குக் கயிறு தெரியாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

நாலாம் நாள் துறைமுக வாய்க்கு வெளியே வலை போடப் போன ஒருவர் அன்னத்தைக் கொண்டுவந்து எங்கள் படகில் போட்டுவிட்டுப் போனார். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே அடைத்த காற்று குறையவே இல்லை. அழுத்திப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது. நாலு நாளும் அது மூழ்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு புதிதாக எழுதினேன். எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அந்தத் தாய்க்கு அனுப்பினேன். கரையில் விடைபெறும்போது அவர் இலக்கம் வாங்கியிருந்தேன். 'கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் இதைச் சரிபார்க்க வேண்டும், உதவி செய்வீர்களா' என்று கேட்டேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கச்சான் காத்துன்னு போட்டிருக்கீங்க. அது அடிக்குதுன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"கரையில நிண்டு கடலைப் பாருங்கோ. காத்து முதுகில பட்டா அதுதான்."

"அப்ப அப்படியே எழுதுங்க. கயிறுன்னா எவ்வளவு நீளம்? எதுல கட்டணும்? கடல் அமைதியா இருந்தா பயமில்லைன்னுதானே எல்லாரும் நினைப்போம், அமைதியா இருக்கிறப்பதான் பயம்னு ஏன் மேலேயே போடல?"

பதினான்கு கேள்விகள். பதினான்கு இடத்தில் ஒரு பிள்ளை போயிருக்கலாம். என் பதில்களை என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சில இடங்களில் நான் சொல்லத் தடுமாறியபோது அவர் தொலைபேசிக்குக் கிட்டவாகக் குனிந்து தானே சொன்னார்.

கடைசிக் கேள்விக்கு முன் அந்தத் தாய் வேறொன்று சொன்னார்.

"அன்னைக்கு நான் தண்ணிக்குள்ள நின்னு இந்தப் பக்கத்தைத்தான் பாத்தேங்க. யாரையாவது கூப்பிட முடியுமான்னு. பதிவு செய்றதுக்கு மூணு இடத்துல நம்பர் இருந்துச்சு. அதுல ரெண்டு தடவ அடிச்சேன். அலுவலக நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லிச்சு."

அந்தக் குரல் என்னுடையது. மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடவேண்டும் என்று நானே பதிவு செய்து வைத்தது. நான் மடிக்கணினி முன்னால் இருந்தபோது, பக்கத்து அறையில், பதிவுக்கென்று வைத்த அந்தத் தொலைபேசி மணி அடிக்காமலே எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது அந்தப் பக்கத்தின் உச்சியில் அன்னத்தின் படம் இருக்கிறது. அதன் கீழே, காற்று முதுகில் பட்டால் மிதவை வேண்டாம் என்ற வரி. அதன் கீழே என் கணவரின் இலக்கம், எந்த நேரமும். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில், அந்தத் தாயின் சம்மதத்தோடு, 'கடல் தெரியாத ஒரு தாய்' என்று எழுதியிருக்கிறேன். எத்தனையாம் இடத்தில் வருகிறது என்று தம்பி இடைக்கிடை சொல்வான், நான் கேட்பதில்லை. என் கணவரின் தொலைபேசி இப்போது பையில் சுற்றப்படுவதில்லை. ஆடி மாத மத்தியானங்களில் அதைச் சாப்பாட்டு மேசையில், சோற்றுக்கும் கறிக்கும் நடுவில் வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம்.